அழுகை கேளாத முதல் நாள்

கீழ்வானின் விளிம்பில் வெளுப்பும் சிவப்பும் ஒன்றையொன்று முந்த முயன்று கலந்து நிற்க, முந்தைய இரவு பெய்த மழையால் கழுவப்பட்ட தெருக்கள் புதிதாய்த் துலக்கிய வெண்கலத் தட்டுகளைப்போல் ஒளியை வாங்கி வீசத் தொடங்கிய அந்த வைகறையில், நகரின் வீடுகள் பலவற்றில் வழக்கத்தினும் முன்னதாகவே விளக்குகள் எரிந்தன. கடைகளின் இரும்புக் கதவுகள் இன்னும் இறங்கியே கிடந்தன. பால்வண்டியின் மணியொலி ஒரு தெருவில் தோன்றி மறு தெருவில் தேய்ந்தது. ஆயினும் சிறார் வாழும் இல்லங்களில் மட்டும், சீப்பின் உரசலும், காணாமற்போன காலுறையைத் தேடும் ஆரவாரமும், வாயில் ஒதுக்கிய கவளத்தை விழுங்குமாறு கெஞ்சும் தாயரின் குரலும் ஒருங்கே எழுந்து, அன்று பள்ளி திறக்கும் நாள் என்பதை அறியாதார்க்கும் அறிவித்தன. தம் முதுகினும் அகன்ற பைகளைச் சுமந்து, கண்ணாடியின் முன் நின்று, தம்மைத் தாமே அடையாளம் காணாது விழித்த குழந்தைகளின் நெஞ்சில் பெருமிதம் ஒரு புறமும் அச்சம் மறு புறமுமாக நின்று, ஒரே கயிற்றைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தன.

கற்றறிந்த அன்பரே, அவ்விளக்குகளுக்கெல்லாம் முன்னரே எரிந்த விளக்கு ஒன்று உண்டு. அது பள்ளியின் கீழ்த்தளத்தில், முதல் வகுப்பின் அறையில், அவ்வகுப்பின் ஆசிரியை தன் கையால் ஏற்றியது. நாற்காலிகளின் கால்கள் தரையில் கீறி ஓசை எழுப்பாவண்ணம் ஒவ்வொன்றிற்கும் துணி சுற்றி, சாளரத்தின் வழியே வாயிற்கதவு தென்படாதவாறு திரையை இறக்கி, தாயின் முதுகைக் காணும் குழந்தையே அழும் என்னும் தேர்ச்சியால் இருக்கைகள் யாவற்றையும் கரும்பலகை நோக்கித் திருப்பி, படைக்களத்தில் அணிவகுப்பைச் சரிபார்க்கும் தலைவனைப்போல் அவள் வரிசைகளுக்கிடையே நடந்தாள். அவள் வகுப்பில் முதல் நாளன்று ஒரு குழந்தையும் அழுததில்லை. அழத் தொடங்கியபின் தேற்றப்பட்டது என்பதன்று. அழத் தொடங்கியதே இல்லை. அப்புகழ் அவளுக்குப் பள்ளி முழுதும் ‘கப்சிப் டீச்சர்’ என்னும் பட்டத்தை ஈட்டித் தந்திருந்தது. முகத்தின் முன் எவரும் கூறாத அப்பட்டத்தை அவள் அறிவாள், அறிந்து உள்ளூர மகிழ்வாள்.

இவ்வாண்டோ புகழினும் பெரிய பொருளொன்று அந்நாளைச் சார்ந்து நின்றது. தொடக்கப் பிரிவின் தலைமை ஒழிந்து கிடந்தது. சென்ற ஆண்டு முதல் நாளின் அழுகை சாலைவரை கேட்டதாகவும், வழிப்போக்கர் நின்று நகைத்ததாகவும் கேள்வியுற்று நாணிய பள்ளித் தாளாளர், ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, “இது பள்ளிக்கூடமா, ஊசி போடுற இடமான்னு கேக்குறாங்கம்மா! இந்தத் தடவ நானே வகுப்பு வகுப்பா வருவேன். எந்த ரூம் அமைதியா இருக்கோ, அந்த அம்மாதான் இனிமே தொடக்கப் பிரிவுக்குத் தலைமை” என்று உரைத்துவிட்டார். கணவனை இழந்தபின் பிறர் ஏவலிலேயே தன் நாளெல்லாம் கழித்த அவளுக்கு, ஏவும் நாற்காலி ஒன்றில் அமர்ந்து பார்த்தல் வேண்டும் என்னும் வேட்கை, கோடையின் கிணற்றில் ஊற்றுக்கண் திறந்தாற்போல் அந்நொடி முதல் பெருகலாயிற்று.

அவள் செயல்முறையை இங்கே கூறுதல் தகும். பள்ளி திறக்குமுன் அவள் தன் வகுப்பில் சேரும் குழந்தைகளின் இல்லங்கள்தோறும் செல்வாள். தாயர் மகிழ்ந்து வரவேற்பர், குடிக்கத் தருவர், இத்துணைப் பரிவுள்ள ஆசிரியை வேறு எங்கும் இல்லை என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்வர். அவளும் குழந்தையின் கன்னத்தைத் தடவி, “இவனுக்கு எதுல பயம்னு சொல்லிட்டீங்கன்னா, நான் பாத்து நடந்துக்குவேன்ல” என்பாள். தாய், மருத்துவரிடம் நோயைக் கூறுவாள்போல், ஒளிவின்றி உரைப்பாள். ஒருவன் முடிதிருத்துவோரைக் கண்டால் கட்டிலுக்கடியில் புகுவான். ஒருத்தி இருட்டறை என்றால் நடுங்குவாள். மற்றொருவனுக்கு நாயின் குரைப்பே போதும். இவ்வாறு அன்பு தன் கையாலேயே எடுத்து நீட்டிய கத்திகளை அவள் ஒன்றும் தவறாது வாங்கி, எழுத்தில் வையாது நெஞ்சில் வைத்து, முதல் நாள் காலையில் உரிய செவியில் உரியதைச் செருகுவாள். தேன் தடவி ஊட்டும் மருந்துபோல் மென்மையாகவே பேசுவாள்; குரலை உயர்த்தியதை எவரும் கேட்டதில்லை.

இவ்வாண்டு அக்குழந்தைகளுள் அவள் தம்பியின் மகளும் ஒருத்தி. பேசத் தொடங்கிய நாள்முதல் வாய் மூடாத அச்சிறுமியை வீட்டார் ‘வாயாடி’ என்றே அழைத்தனர். அவளும் அதனைத் தன் இயற்பெயரினும் விரும்பினாள். பள்ளி திறக்க இரண்டொரு நாள் இருக்கையில் ஆசிரியை தம்பியின் இல்லம் சென்றபோது, தம்பியின் மனைவி புதிய சீருடையின் பொத்தான்களைக் கழற்றி இறுக்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணி! உங்க வகுப்புலயே போட்டுட்டாங்கன்னதும்தான் எனக்குப் பாதி உசுரு வந்துச்சு.”

“மீதி உசுரு எங்க போச்சு?” என்று நகைத்து அமர்ந்த ஆசிரியை, வழக்கமான வினாவை வழக்கமான மென்மையோடு தொடுத்தாள். “ஆமா, இவளுக்கு எதுலம்மா பயம்?”

“உங்க மருமகளுக்கா? நாய்க்கும் பயமில்ல, பேய்க்கும் பயமில்ல. அவங்கப்பாவையே நிக்க வச்சுக் கேள்வி கேக்குறா.” சிரித்த தாயின் கை, ஊசியைத் துணியில் குத்தியபடி நின்றது. “ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி. போன வருஷம் ஆபரேஷனுக்குப் போனப்ப, அழுவாளேன்னு கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். திரும்பி வர எவ்வளவு நாளாச்சுன்னு உங்களுக்கே தெரியும். அன்னியிலருந்து ராத்திரி முழிச்சு, என் மூக்குல கைய வச்சு மூச்சு வருதான்னு பாக்குறா. நீங்க மட்டும் அப்பப்ப, அம்மா இங்கதான் இருக்கா, வந்துருவான்னு ஒரு வார்த்தை அவ காதுல போட்டுருங்க. போதும்.”

“போட்டுர்றேன். நீ கவலைப்படாத,” என்றாள் ஆசிரியை.

இனி அந்நாளின் காலைக்கு மீள்வோம். முதல் வகுப்பின் இரு பிரிவுகளுக்கும் முன்னாளில் ஒரே கூடமாக இருந்ததை இடையே சுவரெழுப்பிப் பிரித்திருந்தனர்; அச்சுவரின் மூலையில் கனத்த மரக்கதவு ஒன்று இரண்டிற்கும் பொதுவாக நின்றது. அக்கதவின் அப்பால், அண்மையில் பணியேற்ற இளைய ஆசிரியை, அகன்ற தொட்டியில் நீர் நிரப்பித் தாள்மீது தாளாக மடித்துக் கப்பல்கள் செய்து மிதக்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்தக் கதவத் திறந்தே வைக்கலாமா? என் ரூம்ல காத்தே இல்ல.”

“காத்து வந்தாப் பரவாயில்ல. உன் பிள்ளைங்க ஒப்பாரியும் சேந்துல்ல வரும்.”

“முதல் நாள் அழாம என்னக்கா? இங்க சேர்ந்த அன்னிக்கு நானே கைகழுவுற இடத்துல நின்னு அழுதேன்.”

“அதான் உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல,” என்றாள் மூத்தவள், புன்னகை சிறிதும் குலையாமல். இளையவள் முகம் சுருங்கக் கண்டு, “சரி, திறந்தே கெடக்கட்டும். தாளாளர் வரும்போது சாத்திக்கிறேன்” என்று ஈகை செய்வாள்போல் இசைந்தாள்.

குழந்தைகள் வந்தனர். அப்பால் அறையில் முதற்குரல் எழுந்தது. அதனைக் கேட்டு இரண்டாங்குரல். பின் மழைக்காலத் தவளைகள் ஒன்றையொன்று தூண்டுதல்போல் அறை முழுதும் அழுகை. இளையவளோ ஒருவனை இடுப்பிலும் ஒருத்தியைத் தோளிலும் ஏந்தி, “அழுங்க, அழுங்க, அழுதுட்டு வந்து கப்பல் விடலாம்” என்று தானும் வியர்த்து நின்றாள். இப்பால் அறையிலோ, ஆசிரியை வாயிலிலேயே ஒவ்வொரு தாயையும் நிறுத்தி, குழந்தையை அன்போடு வாங்கி, குனிந்து, அதன் செவியில் ஓரிரு சொல் கூறி, இருக்கையில் அமர்த்தினாள். சொல் விழுந்த மாத்திரத்தில், நெய் ஊற்றப்படாத திரிபோல் முகங்கள் அவிந்தன. தாயர் வியந்து கைகூப்பிச் சென்றனர்.

தன் உறவுக்குச் சலுகை காட்டினாள் என்னும் பேச்சு எழலாகாது என்று, தம்பியின் மகளை அவள் கடைசி வரிசையின் மூலையில், அப்பொதுக்கதவை ஒட்டி அமர்த்தினாள். பின் அருகே மண்டியிட்டாள்.

“வாயாடி, இங்க பாரு. நீ சத்தம் போட்டு அழுதேன்னா, அம்மா மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா. இந்தத் தடவ வரவே மாட்டா. அழாம இருந்தா வருவா. சரியா?”

சிறுமி கழுத்தைச் சாய்த்து நகைத்தாள். “சும்மா சொல்றீங்க அத்தை.”

“இங்க அத்தை இல்ல. டீச்சர்.”

“சும்மாதான டீச்சர் சொல்றீங்க? எங்கம்மா வெளிய நிக்கிறாங்களே.”

“போன தடவையும் கடைக்குன்னு சொல்லிட்டுத்தான போனா?”

அன்பரே, பறக்கும் பறவையின்மேல் எறிந்த கல் பட்ட நொடியில் அதன் சிறகு காற்றிலேயே அசைவு மறந்து நிற்குமே, அதனைக் கண்டிருக்கிறீரா? அச்சிறுமியின் முகம் அவ்வாறாயிற்று. திறந்த வாய் மூடியது. அதுவரை அசைந்துகொண்டிருந்த கால்கள் நின்றன. ஆசிரியை அவள் தலையை வருடி எழுந்தாள். வகுப்பு முழுமையும் வாய்வாளாமையில் அமிழ்ந்தது.

நாழிகை செல்லச்செல்ல, அப்பால் அறையின் அழுகை விம்மலாகவும், விம்மல் சளசளப்பாகவும் மாறி, இடையிடையே நீர் தெறிக்கும் ஓசையும் சிரிப்பும் கலந்து வரலாயின. மூலையில் இருந்த சிறுமி, கப்பல்களைக் காணும் ஆவலால் நாற்காலியோடு சற்றே சாய்ந்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே கீல் பொருந்திய பக்கத்து இடுக்கில் தன் சுட்டுவிரலை நுழைத்துப் பற்றிக்கொண்டு, ஓசையின்றி எட்டிப் பார்த்திருந்தாள். அவ்வேளை நடையில் தாளாளரின் காலணி ஒலி கேட்டது. அப்பாலிருந்து புதிதாய் ஒரு குழந்தை வீறிட்டது. ஆசிரியை விரைந்து சென்று, வாயிலை நோக்கிய முகத்தைத் திருப்பாமலே, கதவைத் தன் உடலால் தள்ளிச் சாத்தித் தாழிட்டாள். கதவு சற்றே தடைப்பட்டது. மழையில் ஊறிய மரம் என்று எண்ணி அவள் மேலும் அழுத்தினாள்.

தாளாளர் உட்புகுந்து நின்றார். நோக்கினார். மீண்டும் நோக்கினார்.

“என்னம்மா, பிள்ளைங்கள வச்சிருக்கீங்களா, பொம்மைங்கள வச்சிருக்கீங்களா?” என்று தம் நகைச்சுவைக்குத் தாமே உரக்கச் சிரித்து, வரிசைகளுக்கிடையே மெல்ல நடந்தார். தம் இளமையில் ஆசிரியரைக் கண்டால் காற்றும் நின்றுவிடும் என்று தொடங்கி, அக்காலத்துப் பிரம்பின் நீளத்தையும் அதன் நற்பயனையும் விரித்துரைத்தார். பணிவோடு தலையசைத்து உடன் சென்ற ஆசிரியையின் பார்வை மூலையில் விழுந்தது. தம்பியின் மகள் நிமிர்ந்து அமர்ந்திருந்தாள். முகம் சுண்ணம் பூசிய சுவர்போல் வெளிறியிருந்தது. மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. இடக்கை மடியில் கிடக்க, வலக்கை கதவை நோக்கி நீண்டு, விரல் இருத்தல் வேண்டிய இடத்தில் மரத்தோடு மரமாய் முடிந்திருந்தது.

அவள் கண்டாள். கண்டதை உணர்ந்தாள். மரத்தின் தடையென்று தான் அழுத்தியது எது என்பதையும் உணர்ந்தாள். ஓரடி எடுத்து வைத்துத் தாழை நீக்கினால் போதும். நீக்கினால், அப்பால் அறையின் ஆரவாரம் உட்பாயும். விடுபட்ட விரலின் வலி குழந்தையின் வாயைத் திறக்கும். ஒன்று அழ, அடக்கி வைத்த அத்துணை வாய்களும் திறக்கும். ‘இதோ, பேச்சு முடியப்போகிறது’ என்று அவள் நெஞ்சு கூறிற்று; அக்கூற்றை அவள் ஏற்றாள். ஏற்று, தாளாளருக்கும் சிறுமிக்கும் இடையே தன் உடலைத் திரையாக நிறுத்தினாள்.

தாளாளர் எட்டிப் பார்த்தார். “இது யாரு? கண்ணு கலங்கியிருக்கே?”

“என் தம்பி பொண்ணுங்கய்யா. தூசி பட்டிருக்கும்.”

“தம்பி பொண்ணா! அத மூலையில உக்கார வச்சிருக்கீங்க பாருங்க, அதாம்மா நேர்மை.” அவர் குரல் நெகிழ்ந்தது. நெகிழ்ந்தபடியே நேர்மையைப் பற்றியும் சிறிது பேசினார். பின் வாயிலருகே திரும்பி, “நாளையிலருந்து தொடக்கப் பிரிவு உங்க பொறுப்பு. பக்கத்து ரூம் அம்மாவுக்கும் இதையெல்லாம் கொஞ்சம் சொல்லிக் குடுங்க” என்று கூறி அகன்றார்.

காலணி ஒலி மறைந்தபின்னரே கதவு திறந்தது. சுட்டுவிரல் நடுக்கணுவில் நசுங்கி, கருநீலம் பாய்ந்து, நகத்தின் ஓரத்தில் குருதி கசிய, தன் உரிமையாளரை அறியாத பொருள்போல் தொங்கிற்று. சிறுமி அதனைப் பார்க்கவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்தாள். உதடுகள் நெடுநேரம் ஒட்டிக்கிடந்து பிரிவனபோல் பிரிந்தன.

“டீச்சர், நான் அழல. எங்கம்மா வருவாங்கல்ல?”

“வருவா,” என்றாள் ஆசிரியை. நசுங்கிய விரலில் ஈரத்துணி சுற்றினாள்.

பள்ளி விடும் வேளையில் வாயிலில் நின்ற தாய், மகள் வருவதைக் கண்டு கைகளை விரித்தாள். சிறுமி ஓடவில்லை, நடந்து வந்து, சேலை முந்தியை இடக்கையால் இறுகப் பற்றிக்கொண்டாள். துணிக்கட்டைக் கண்டு பதறியவளிடம், “கதவுல லேசாப் பட்டுருச்சு. வா, நானும் வர்றேன், டாக்டர்கிட்டக் காட்டிருவோம்” என்று ஆசிரியை முன்னின்று அழைத்துச் சென்றாள்.

மருத்துவர் களைத்திருந்தார், வெளியே இருமலும் காய்ச்சலும் வரிசையாகக் காத்திருந்தன. கட்டை அவிழ்த்து, விரலைக் கணுக்கணுவாக அழுத்தினார்.

“எங்க வலிக்குதோ அங்க சொல்லு பாப்பா. இங்கயா? இங்க? இங்க?”

சிறுமி இல்லையென்று தலையசைத்தாள். நடுக்கணுவில் அவர் பெருவிரல் பதிந்தபோது அவள் கழுத்து நரம்பு புடைத்தது, கண்கள் அத்தையின் முகத்தை நாடின, வாய் திறக்கவில்லை.

“எலும்பு முறிஞ்சிருந்தா இந்நேரம் என் கூரை பறந்திருக்கும்,” என்றார் மருத்துவர். “வெறும் ரத்தக்கட்டுதான். எக்ஸ்ரே படமெல்லாம் எடுக்க வேண்டாம். களிம்பு தர்றேன்.”

“முன்னெல்லாம் ஒரு எறும்பு கடிச்சாலே தெருவக் கூட்டுவா டாக்டர்,” என்று தாய் கண்ணீருக்கிடையே பெருமிதம் கொண்டாள். “ஒரே நாள்ல எப்படி மாத்திட்டாங்க பாருங்க எங்க அண்ணி!”

ஆசிரியை குனிந்தாள். “அழணும்னா அழு கண்ணு. ஒண்ணும் ஆகாது,” என்றாள். சிறுமி அத்தையைக் கூர்ந்து நோக்கினாள். அது தனக்கு வைக்கப்படும் தேர்வு என்று கொண்டு, முந்தியை மேலும் இறுக்கி, “இல்ல டீச்சர், அழ மாட்டேன்” என்றாள். அக்குழந்தையின் வாயைத் திறக்கும் திறவுகோல் இவ்வுலகில் ஒன்றே உண்டு: ‘காலையில் நான் உன்னிடம் கூறியது பொய்’ என்னும் ஒரு சொல். அதனைத் தாயின் முன் கூறுதல் வேண்டும். கூறினால் தாய் அறிவாள். தாய் அறிந்தால் தம்பி அறிவான். பின் ஊரும் தாளாளரும் அறிவர். அச்சொல் நெஞ்சிலிருந்து எழுந்து தொண்டைவரை வந்தது. நாளை முதல் அமரவிருக்கும் நாற்காலியும் அங்கேயே வந்து நின்றது. இரண்டிற்கும் இடமில்லாத அக்குறுகிய வழியில் அவள் சொல்லையே விழுங்கினாள். மருத்துவர் களிம்பை எழுதிக் கொடுத்து, அடுத்த நோயாளியை அழைத்தார்.

முறிந்த எலும்பு, எவரும் நேர் செய்யாமையால், தன் விருப்பப்படி வளைந்தே பொருந்திற்று. எழுதுகோலைப் பற்றுதற்கு அவ்விரல் உதவாதாக, நடுவிரலின்மேல் கோலைச் சாய்த்து அவள் எழுதப் பழகினாள். பேச்சு அவளிடத்தில் கேட்ட வினாவிற்கு விடையாக மட்டும் எஞ்சியது. ‘வாயாடி’ என்று வீட்டார் அழைப்பது மெல்ல நின்றது. நின்றதை எவரும் குறிப்பிடவுமில்லை. தலைமையேற்ற அத்தையின் ஆணையால், இளைய ஆசிரியையும் வீடு வீடாகச் சென்று வினாவக் கற்றாள், வேலை நிலைப்பட்டது, தொட்டி காய்ந்தது.

மறு ஆண்டு பள்ளி திறந்த நாளில் எல்லா அறைகளும் அமைதியாக இருந்தன. ஒருவன் மட்டும், புதிதாய்ச் சேர்ந்த சிறுவன், நடையின் தூணைக் கட்டிக்கொண்டு தாயை அழைத்து அரற்றினான். ஆசிரியர் எவரும் வருமுன், இரண்டாம் வகுப்பின் வரிசையிலிருந்து தம்பியின் மகள் பிரிந்து சென்றாள். அவனருகே மண்டியிட்டாள். அவன் தலையை மென்மையாக வருடினாள். செவியோடு வாய் வைத்து ஏதோ கூறினாள். சிறுவன் அவளை விழித்துப் பார்த்தான்; வாய் மூடினான்; தூணை விட்டான். அவள் எழுந்து, நடையின் கோடியில் நின்ற அத்தையை நோக்கி, நன்றாகச் செய்தேனா என்று வினவுவாள்போல் ஒருமுறை பார்த்து, தன் வரிசைக்கு மீண்டாள்.

சாலையில் சென்றோர் நின்று, அப்பள்ளியின் ஒழுங்கை வியந்து சென்றனர். குழந்தையின் அழுகையை அடக்கியவர், அது பிறந்த இடத்தை அடக்கினாரல்லர். அது வெளிப்படும் வாயில் ஒன்றையே அடைத்தார். அடைபட்டது உள்ளே நின்று வளரும். வளர்ந்து, தன்னினும் சிறிய செவி ஒன்றைத் தேடும். தலைமையேற்ற அத்தை தன் அறைக்குத் திரும்பி, நாற்காலியில் அமர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்; பள்ளி முழுவதும் ஓர் ஓசையுமின்றி அவள் விரும்பியவாறே இருந்தது.